பயன்கொள்வோரை அறிதல்

உடலின் அளவை எடுக்காமல் உடை தைக்கும் தையற்காரர் இலர். துணி உயர்ந்ததாயினும், தையல் நுண்ணிதாயினும், உடுப்பவர்க்குப் பொருந்தாத உடை வீணேயாகும். கணிப்பொறிக்கு மென்பொருள் ஆக்குவோர்க்கும் இவ்வுண்மை பொருந்தும். அதனைப் பயன்கொள்ளும் மக்களின் தொழிலையும் பழக்கத்தையும் இடர்ப்பாட்டையும் நேரிற் கண்டறிந்து, ஆக்குவோர்க்கு உணர்த்துபவர் ஒருவர் வேண்டும். அவரே பயனர் ஆய்வாளர் ஆவர்.

இப்பணியின் இன்றியமையாமையை ஒரு வரலாற்றால் விளக்குவோம். அமெரிக்க நாட்டில், கலிபோர்னியா மாநிலத்துப் பாலோ ஆல்டோ என்னும் ஊரில், ஜெராக்ஸ் நிறுவனத்தார் 1970-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தனர். அங்கு 1974-ஆம் ஆண்டில் 'பிராவோ' என்னும் மென்பொருள் உருவாயிற்று. திரையில் கட்டுரை எழுதவும் திருத்தவும் அது பயன்பட்டது. ஆற்றலிற் சிறந்ததாயினும் அதன்கண் ஓர் இடர் இருந்தது. ஒரே விசை ஒரு நிலையில் எழுத்தைப் பதிக்கும். மற்றொரு நிலையில் கட்டளையாக மாறும். கட்டளை நிலையில் இருப்பதை மறந்து ஒருவர் 'எடிட்' என்னும் நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லை அச்சடித்தால் யாது நேரும்? முதலெழுத்து 'அனைத்தையும் தேர்ந்தெடு' என்றும், இரண்டாவது 'அழி' என்றும், மூன்றாவது 'இனி வருவதைப் புகுத்து' என்றும் கொள்ளப்படும். பலநாள் உழைத்து எழுதிய கட்டுரை முழுவதும் மறைந்து, நான்காம் எழுத்தொன்றே திரையில் எஞ்சும்!

அந்நிலையத்தில் பணியாற்றிய லாரி டெஸ்லர் (1945–2020) என்பார், வல்லுநரை விடுத்துப் புதியவரை நாடினார். புதிதாகப் பணியேற்ற செயலாளர் ஒருவரை வெற்றுத் திரையின் முன் அமர்த்தினார். அத்திரையில் ஒரு பக்கம் இருப்பதாக எண்ணிக்கொண்டு, அதனை எங்ஙனம் திருத்த விரும்புவார் எனக் கூறுமாறு கேட்டார். தாம் கற்பிக்க முற்படாமல் அவரிடமிருந்து கற்றார். டிம் மாட் என்பாரும் டெஸ்லரும், பாஸ்டன் நகரை அடுத்திருந்த 'கின்' என்னும் பாடநூற் பதிப்பகத்தாரின் தேவைகளை ஆராய்ந்தனர். அக்காலப் பதிப்பாசிரியர்கள் தாளைக் கத்தரித்து, வேண்டிய இடத்தில் ஒட்டிப் பக்கங்களைச் சீரமைத்து வந்தனர். அவ்வழக்கமே 1975-ஆம் ஆண்டளவில், அவ்விருவரும் ஆக்கிய 'ஜிப்சி' என்னும் மென்பொருளில் 'வெட்டு', 'ஒட்டு' என்னும் கட்டளைகளாக அமைந்தது. விசைகள் நிலைக்கேற்ப மாறி மயக்கும் இடரும் நீங்கிற்று. இன்று கைப்பேசியில் நாம் ஒரு சொல்லை வெட்டி ஒட்டுந்தோறும், அப்பதிப்பாசிரியர்களின் கத்தரிக்கோலும் பசையும் நமக்கு உதவுகின்றன.

மாணவர்களே! பயனர் ஆய்வாளர்க்குப் பொறுமை பெரிதும் வேண்டும். ஒருவர் தடுமாறுங்கால் உடனே வழிகாட்ட நாவெழும். அதனை அடக்கி, எவ்விடத்தில், எக்காரணத்தால் தடுமாறினார் என்பதை அவர் குறித்தல் வேண்டும். கருவியை இயக்க இயலாதோர் பலர், "எமக்கு அறிவு போதாது" என்று தம்மையே நொந்துகொள்வர். பிழை அவர்களுடையதன்று, கருவியினுடையது. இதனை அஞ்சாது ஆக்குவோரிடம் எடுத்துரைப்பதே பயனர் ஆய்வாளரின் கடமை. அறிந்தோர் அறியாதாரிடத்தும் கற்க வேண்டுவன உள. அங்ஙனம் கற்கும் பணிவு உடையோர் ஆக்கும் கருவியே மக்களுக்குப் பயன்படும்.