அலமாரிக்குப் பெயரிட்டவர் யார்?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷியர் மாநிலத்தில் டார்ட்மவுத் கல்லூரி உள்ளது. அங்குப் பயின்ற மாணவி ஒருவர், குடியேறிகளைப் பற்றிய ஆய்வுக்காக நூலகத்தின் கணினிப் பட்டியலில் நூல்களைத் தேடினார். திரையில் தோன்றிய நூல்கள் பலவற்றின் கீழ், ‘சட்டவிரோத அந்நியர்கள்’ என்ற பொருள் தலைப்பு இருந்தது. ‘அந்நியர்’ என்பதற்கு அங்குப் பயன்பட்ட ஆங்கிலச் சொல்லே வேற்றுக்கிரகவாசியையும் குறிக்கும். அச்சொல் அவரைப் புண்படுத்தியது. உரிய ஆவணங்கள் இல்லாமல் வாழும் குடும்பங்களின் பிள்ளைகளும் அக்கல்லூரியில் படித்தனர்.

மாணவர்கள் தங்கள் நூலகரிடம் முறையிட்டனர். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது தங்கள் நூலகம் அன்று என்பதை அப்போதுதான் அவர்கள் அறிந்துகொண்டனர்.

ஒரே பொருளைப் பற்றிய நூல்களை ஒன்றாகத் திரட்ட, நூலகங்கள் பொதுவான சொற்களைப் பயன்படுத்துகின்றன. இவையே பொருள் தலைப்புகள். வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இவற்றை முடிவு செய்கிறது. ஒவ்வொரு நூலையும் புதிதாகப் பட்டியலிடுவது பெரும் வேலை. ஆகவே, பல நாடுகளின் நூலகங்கள் அதே தலைப்புகளை அப்படியே ஏற்றுக்கொள்கின்றன. நூலாசிரியர் ‘ஆவணமில்லாக் குடியேறிகள்’ என்று மதிப்புடன் எழுதியிருந்தாலும், பட்டியலில் அவருடைய நூலின் கீழ் வேறொரு சொல் ஒட்டப்பட்டுவிடும். தேடுபவரோ அதனை நூலகத்தின் நடுநிலையான சொல் என்றே கருதுவார்.

டார்ட்மவுத் மாணவர்களும் நூலகர்களும் 2014ஆம் ஆண்டில் அத்தலைப்பை மாற்றக் கோரினர். முதலில் அக்கோரிக்கை மறுக்கப்பட்டது. அமெரிக்க நூலகச் சங்கமும் ஆதரவு தெரிவித்த பின்னர், 2016 மார்ச்சில் மாற்றம் அறிவிக்கப்பட்டது. ஆனால், நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் அதனை எதிர்த்தனர். நூலகப் பட்டியலில் உள்ள ஒரு சொல்லுக்காக நாடாளுமன்றத்தில் சர்ச்சை எழுவது அரிது! மாற்றம் நின்றுபோனது. 2021 நவம்பரில்தான் ‘குடிமக்கள் அல்லாதோர்’, ‘சட்டவிரோதக் குடியேற்றம்’ என்ற இரு தலைப்புகள் அறிவிக்கப்பட்டன. ‘சட்டவிரோதம்’ என்ற சொல் முற்றிலும் மறையவில்லை; மனிதரை விட்டுச் செயலுக்கு நகர்ந்தது. இதனைப் பாதி வெற்றி என்றே கூற வேண்டும்.

இத்தகைய போராட்டம் புதிதன்று. டோரதி போர்ட்டர் என்ற கறுப்பின நூலகர், 1930இல் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பணியில் சேர்ந்தார். அக்காலத்தில் நூல்களை எண்களால் பிரிக்கும் டியூவி தசம வகைப்பாடு எங்கும் பரவியிருந்தது. அதில் 325 என்பது குடியேற்றத்தையும் 326 என்பது அடிமை முறையையும் குறித்தன. கறுப்பினத்தவர் எழுதிய நூல் எதுவாயினும் பல நூலகங்கள் அதனை 325இல் அடுக்கின. ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் கவிதை நூலுக்கும் அதே கதிதான். கவிதை தேடி வந்தவர் கவிதை அலமாரியில் அந்நூலைக் காண இயலாது. போர்ட்டர் இம்முறையை ஏற்க மறுத்தார். கவிதையைக் கவிதையோடும் வரலாற்றை வரலாற்றோடும் சேர்த்தார். 1973இல் ஓய்வு பெறும்வரை அத்தொகுப்பை அவர் வளர்த்தார்.

நூலகப் பாடம் என்றால், நூலை எங்கே தேடுவது, எப்படித் தேடுவது என்று கற்பிப்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. இன்று பல நூலகர்கள் இன்னும் ஓர் அடி முன்னே செல்கின்றனர். ஒரே பொருளை இரண்டு, மூன்று சொற்களால் தேடச் சொல்கின்றனர். கிடைக்கும் பட்டியல்களை மாணவர்கள் ஒப்பிடுகின்றனர். எந்தச் சொல்லுக்கு எந்த நூல்கள் வந்தன, யாருடைய குரல் வரவே இல்லை என்பதைக் கவனிக்கின்றனர். அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகச் சங்கம் 2016இல் ஏற்றுக்கொண்ட கற்பித்தல் வரைவும், ஒரு தகவலுக்கு அதிகாரம் எவ்வாறு உருவாகிறது என்று கேட்க மாணவர்களைப் பழக்குகிறது. சரியான சொல் தெரியாத ஒரே காரணத்தால் தனக்குத் தேவையான தகவலை ஒருவர் இழக்கக்கூடும் அல்லவா?

இப்பயிற்சிக்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. டியூவியின் எண்கள் நம் நூலகங்களிலும் உள்ளன. இலக்கியத்திற்குரிய 800 வரிசையில் அமெரிக்க இலக்கியத்திற்கு 810, ஆங்கில இலக்கியத்திற்கு 820, ஜெர்மானிய இலக்கியத்திற்கு 830, பிரெஞ்சு இலக்கியத்திற்கு 840 எனத் தனித்தனிப் பத்து எண்கள் உண்டு. உலகின் ஏனைய மொழிகளுள் பெரும்பாலானவை 890 என்ற ஒரே பிரிவுக்குள் நெருக்கி வைக்கப்பட்டுள்ளன. சீன இலக்கியம் 895.1, மலாய் இலக்கியம் 899.28. ஈராயிரம் ஆண்டு மரபுடைய தமிழ் இலக்கியத்தின் எண் 894.811.