வெயில் காயும் பனிமலை

பனி என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் படியும் வெள்ளைப் படைதான். பனிச்சறுக்கு என்றாலோ அது பணக்காரர்களுக்கு, வெள்ளைக்காரர்களுக்கு, வயது குறைந்தவர்களுக்கு, அதிலும் ஆண்களுக்கு உரியது என்பதே வீடுகளில் கேட்கும் பேச்சு. கடந்த ஜனவரியில் கிடைத்த தவணை விடுமுறையில் துருக்கியின் கய்சேரி நகரில் ஐந்து நாட்கள் குடும்பமாகத் தங்கினோம். எனது காக்கா துருக்கி அரசின் புலமைப்பரிசில் பெற்று அந்நகரப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். வாப்பா, உம்மா, ஒன்பது வயதுத் தம்பி, நான் ஆகிய நால்வரும் அவரைப் பார்க்கப் போனோம். நகரின் எப்பக்கம் திரும்பினாலும் தென்படும் எர்ஜியஸ் மலையில் மூன்று நாட்களைக் கழித்தோம். பனியையே கண்டிராத ஒரு குடும்பத்துக்கு அந்த மலை எப்படி இடங்கொடுக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலை இருக்கும் இடம்

கய்சேரி நகரம் துருக்கியின் நடுப்பகுதியான அனதோலியப் பீடபூமியில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்குச் சற்று அதிகமான உயரத்தில் இருக்கிறது. அதிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தெற்கே எர்ஜியஸ் நிற்கிறது. உயரம் 3,900 மீற்றருக்கு மேல். நீண்ட காலமாக உறங்கும் எரிமலை இது. உல்லாசப் பயணிகள் விரும்பிப் பார்க்கும் கப்படோசியாவின் விசித்திரப் பாறைகள் எரிமலைச் சாம்பல் இறுகி உண்டானவை. அவற்றை உருவாக்கிய எரிமலைகளுள் எர்ஜியசும் ஒன்று.

சறுக்கு விளையாட்டின் பிரதான வாசல் தெக்கிர் எனும் இடம். அதன் உயரம் சுமார் 2,200 மீற்றர். நமது பீதுருதாலகால மலையின் உச்சி 2,524 மீற்றர். அப்படியென்றால் தெக்கிரை விட உயரமான நம் மலையில் ஏன் பனி பெய்வதில்லை? விடை அகலாங்கில் இருக்கிறது. நாம் மத்திய கோட்டுக்கு ஏழு பாகை வடக்கே, வருடம் முழுவதும் சூரியன் உச்சிக்கு அருகே செல்லும் நாட்டில் வாழ்கிறோம். கய்சேரியோ 38 பாகைக்கும் வடக்கே உள்ளது. மாரிகாலத்தில் அங்கே சூரியன் தாழ்ந்து செல்லும், பகலும் குறுகிவிடும். நுவரெலியாவில் சில ஜனவரிக் காலைகளில் புல்லின் மேல் உறைபனி படிவதோடு நமது குளிர் நின்றுவிடுகிறது.

வெயிலில் உருகாத பனி

முதல் நாள் எங்களை வியக்கவைத்தது பனியை விட வெயில்தான். வானம் துடைத்துவிட்டாற்போல நீலமாக இருந்தது. கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம். இதற்குக் காரணத்தை நம் நாட்டிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, கிழக்கே எங்கள் ஊருக்கு வரும்போது வறண்ட கச்சானாக வீசுகிறது அல்லவா? அனதோலியாவுக்குத் தெற்கே தோரஸ் மலைத்தொடரும் வடக்கே பொன்டிக் மலைத்தொடரும் நிற்கின்றன. மத்தியதரைக் கடலிலிருந்தும் கருங்கடலிலிருந்தும் வரும் ஈரக்காற்று அவற்றிலேயே பெரும்பகுதி நீரை இழந்துவிடுகிறது. உள்ளே வருவது உலர்ந்த காற்று. ஆகவே பனி பெய்யும் நாட்களுக்கிடையே தெளிந்த வெயில் நாட்களும் வருகின்றன.

அந்தப் பனியும் உலர்ந்தது. தம்பி பனியுருண்டை செய்து எறியவேண்டுமென்று ஊரிலிருந்தே கனவு கண்டு வந்தவன். அள்ளிப் பிடித்தான், சீனி போல விரலிடுக்கால் உதிர்ந்தது. பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதற்கு இடையில் மெல்லிய நீர்ப்படலம் வேண்டும். கடுங்குளிரில் அது இல்லை. தம்பிக்கு ஏமாற்றம், சறுக்க வருவோருக்கோ அதுவே விருப்பமான பனி.

இத்தனை வெயிலிலும் பனி ஏன் உருகவில்லை? புதிதாய் விழுந்த பனி தன்மீது படும் ஒளியில் 80 சதவீதத்துக்கும் மேல் தெறிக்கச் செய்துவிடுகிறது. உறிஞ்சுவது சிறு பங்குதான். சுற்றியுள்ள காற்றோ பூச்சியப் பாகைக்குக் கீழே. அத்துடன், பனிக்கட்டி நீராவதற்கு மறைவெப்பமும் தேவை. பகலில் கிடைக்கும் சொற்ப வெப்பத்தையும் முகிலற்ற இரவு வானம் இழுத்துக்கொள்கிறது.

ஆனால் பனி உறிஞ்சாத அந்த ஒளி நம் முகத்துக்கு வருகிறது. ஒவ்வொரு 1,000 மீற்றர் உயரத்துக்கும் புறஊதாக் கதிர்வீச்சு ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். மேலிருந்து வருவது போதாதென்று கீழே பனியிலிருந்தும் தெறித்து வரும். நாடியின் அடிப்பகுதி கூடக் கறுக்கும். கறுப்புக்கண்ணாடியும் வெயில் தடுப்புப் பூச்சும் அங்கே அலங்காரப் பொருட்கள் அல்ல. அவை இல்லாமல் மலையேறக் கூடாது.

தொடக்கக்காரருக்கு ஏன் ஏற்றது?

எரிமலையின் அடிவாரம் விரித்த பாவாடை போல அகன்றிருக்கிறது. மரங்கள் இல்லை. ஆகவே கட்டுப்பாடிழந்து போகும் புதியவர் மோதுவதற்கு மரமொன்று குறுக்கே நிற்பதில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. மறைப்பில்லாத மலையில் காற்று பலமாக வீசும். அப்படி வீசினால் மேல்மட்டத் தொங்கு கதிரைகளை நிறுத்திவிடுவார்கள்.

சறுக்குப் பாதைகளுக்கு நிறங்கள் உண்டு. நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். ஐரோப்பாவின் சில நாடுகளில் நீலத்தை விட எளிதான பாதைக்குப் பச்சை நிறம் கொடுப்பார்கள். தொங்கு ஊர்திகள் 3,000 மீற்றருக்கும் மேலே கொண்டுசெல்கின்றன. ஆனால் புதியவருக்கு அவை தேவையே இல்லை. அவருக்கென்று அடிவாரத்தில் சாய்வு மிகக் குறைந்த ஒரு திடலும், அதன் ஓரமாக ஊர்ந்து செல்லும் ஒரு பட்டியும் இருக்கின்றன. விமான நிலையத்தில் பெட்டிகளைச் சுமந்துவரும் பட்டி போன்றது அது. ஏறி நின்றால் மேலே கொண்டுபோய் விடும். பலகை மாட்டாமல் சறுக்குத்தட்டில் அமர்ந்து விளையாடுவோருக்கு வேறு இடம். முக்காடிட்ட மூதாட்டிகள் பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு அதில் சறுக்கி வந்தார்கள்.

முதற்பாடம்: விழுவது

எங்களுக்குக் கற்பித்தவர் ஓர் இளம்பெண். தலைக்கவசத்தின் உள்ளே முக்காட்டை இறுகக் கட்டியிருந்தார். அவர் முதலில் கற்பித்தது சறுக்குவதை அல்ல, விழுவதை. வேகம் கட்டுக்கடங்காவிட்டால் பக்கவாட்டில் உட்காருவதுபோல் சாய வேண்டும். எழும்பும்போது பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைக்க வேண்டும். கீழ்நோக்கி வைத்தால் எழும்பும் முன்பே அவை ஓடத் தொடங்கிவிடும். சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் பூட்டு, பலமாக விழுந்தால் தானாகக் கழன்றுகொள்ளும். கால் முறியாமலிருப்பதற்கான ஏற்பாடு அது.

அடுத்து நிறுத்துதல். பலகைகளின் நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, ஒரு கூரையின் வடிவில் பிடிக்க வேண்டும். உட்புற விளிம்புகள் பனியைக் கீறும். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் தோழிகளுக்கு இது எளிதில் புரியும். மேலே நிற்கும்போது நம்மிடமுள்ள அழுத்தசக்தி கீழிறங்கும்போது இயக்கசக்தியாக மாறுகிறது. விளிம்புகள் அந்தச் சக்தியைப் பனியை ஒதுக்குவதிலும் உராய்வு வெப்பத்திலும் செலவழித்துவிடுகின்றன. எவ்வளவு அகட்டுகிறோமோ அவ்வளவு வேகம் குறையும். ஒரு காலில் பாரத்தைக் கூட்டினால் எதிர்ப்பக்கம் திரும்பும். இடது பக்கம் திரும்ப வலது காலில் பாரம் கொடுக்க வேண்டும் என்பதை மூளை ஏற்றுக்கொள்ளவே அரைநாள் எடுத்தது.

ஆசிரியை ஓயாமல் சொன்ன சொற்கள் “யவாஷ், யவாஷ்”. மெதுவாக, மெதுவாக என்று பொருள்.

உம்மா முதல் நாள் எங்கள் பைகளுக்குக் காவலாகத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள், தன் வயதொத்த ஒரு துருக்கித் தாய் இரண்டு பிள்ளைகளோடு பட்டியில் ஏறி நிற்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்த் தானும் சப்பாத்து வாடகைக்கு எடுத்தார். ஆறு தடவை விழுந்தார். ஏழாவது தடவை முப்பது மீற்றர் அளவு தூரம் தனியாக இறங்கி வந்து, கூரை வடிவம் பிடித்து நின்றார். மூச்சு வாங்கியபடி அவர் சொன்னது ஒரே சொல்: “இன்னொருக்கா.”

செலவுக் கணக்கு

எர்ஜியஸ் சறுக்குத் தலத்தை நடத்துவது கய்சேரி மாநகர சபைக்குச் சொந்தமான கம்பனி. எல்லா ஊர்திகளும் ஒரே நிருவாகத்தின் கீழ் இருப்பதால் ஒரே அட்டை போதும். மலையிலேயே தங்கவேண்டிய கட்டாயமில்லை. நகரில் சாதாரண அறையொன்றில் தங்கி, பஸ்ஸில் போய்வரலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். பலகை, சப்பாத்து, தலைக்கவசம், மேலுடை அனைத்தும் அடிவாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும். புதியவர் எதையும் சொந்தமாக வாங்கத் தேவையில்லை. பகலுணவுக்குப் பாணுக்குள் சுட்ட ‘சுஜுக்’ எனும் காரமான மாட்டிறைச்சித் துண்டுகளும் சுடுதேநீரும் போதுமாக இருந்தன. ஹலாலா என்று விசாரித்துத் திரியும் அலைச்சலும் இல்லை.

உண்மையைச் சொன்னால், மலைச் செலவை விட விமானச் சீட்டே பெரிது. இரண்டு வருடச் சேமிப்பு அதற்குப் போனது. “அந்தக் காச புள்ளைக்கு வீடு கட்டப் போட்டிருக்கலாமே” என்று உறவினர் ஒருவர் கேட்டார். எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது எவ்வளவு பெரிய சுமை என்பது வாசகர்களுக்குத் தெரியும். வாப்பா அமைதியாகச் சொன்னார்: “வீடு பொறகும் கட்டலாம். இவளுக்குப் பதினேழு வயசு திரும்ப வராது.”

பெற்றோர் கவனத்துக்கு

உடையை அடுக்கடுக்காக அணிய வேண்டும். உள்ளே பருத்தி கூடாது; அது வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிரச் செய்யும். கம்பளி நல்லது. பெண்பிள்ளைகள் முழங்கால் அளவு நீண்ட தளர்வான மேலுடையும் காற்சட்டையும் அணியலாம். நீண்ட அபாயாவும் தொங்கும் முக்காட்டு நுனியும் தொங்கு கதிரையில் சிக்கக்கூடும். தலையையும் கழுத்தையும் மூடும், உறை போன்ற முக்காடே பாதுகாப்பு.

சாதாரணப் பயணக் காப்புறுதி பலவேளைகளில் பனிச்சறுக்கை உள்ளடக்குவதில்லை. கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். உயரத்தில் காற்றமுக்கம் குறைவு. முதல் நாள் தலையிடி வரலாம். தண்ணீர் நிறையக் குடித்து, மெதுவாகத் தொடங்குவது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்க வேண்டும். குறியிட்ட பாதையை விட்டு எவரும் விலகக் கூடாது. வெளியே பனிச்சரிவு அபாயம் உண்டு.

ஒரு நாளையேனும் நகருக்கு ஒதுக்குங்கள். செல்ஜூக் இளவரசி கெவ்ஹர் நெசிபேயின் பெயரால் 1206இல் எழுந்த வைத்தியசாலையும் மருத்துவக் கல்லூரியும் இன்று நூதனசாலையாக இருக்கின்றன. சுல்தானின் மனைவியான ஹுனாத் ஹாத்தூன் கட்டுவித்த, 1238ஆம் ஆண்டைச் சேர்ந்த பள்ளிவாசலும் மத்ரசாவும் நடந்துபோகும் தூரத்தில் உள்ளன.

நமக்கு என்ன பாடம்?

எர்ஜியஸ் கடுமையான மலை. அதன் உச்சி எவருக்கும் இலகுவானதல்ல. அதன் அடிவாரத்தை எங்களைப் போன்றோருக்கும் உரியதாக்கியவை மனிதர் செய்த நான்கு ஏற்பாடுகள்: புதியவருக்கென்று ஒதுக்கிய பாதுகாப்பான இடம், பொறுமையான பெண் ஆசிரியை, குடும்பமாக வரக்கூடிய சூழல், பொதுமக்கள் தாங்கக்கூடிய கட்டணம்.

திரும்பி வந்த பின் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊரில் இரவில் படுத்தால் கடலிரைச்சல் கேட்கும். 2004இல் அந்தக் கடல் செய்ததை நம் வீடுகள் இன்னும் மறக்கவில்லை. ஆயினும் என் வகுப்பில் நீந்தத் தெரிந்த மாணவிகளை ஒரு கையின் விரல்களால் எண்ணிவிடலாம். கடல் ஆழமானது என்பது உண்மை, மலையும் உயரமானதுதான். மறைவான ஓர் ஆழமற்ற நீச்சல் தடாகமும் ஒரு பெண் பயிற்றுநரும் கிழமைக்கு இரண்டு மணித்தியாலமும் இருந்தால் நாமும் கற்கலாம். பனிமலைக்குப் போக எல்லோராலும் முடியாது. அதில் கண்ட ஏற்பாட்டை ஊருக்குக் கொண்டுவர நகரசபையும் பாடசாலையும் பெற்றோரும் சேர்ந்தால் முடியும். தாய்மார்களும் கரையில் பைகளுக்குக் காவலிருக்காமல் எங்களோடு இறங்கலாம்.