ஒளியிழை போன் மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

நம் மங்கலம்பேட்டைக் கடைத்தெருவிலும் இன்டர்நெட்டோடு போனும் சேர்ந்த ஒளியிழை இணைப்பைக் கடைக்கும் வீட்டுக்கும் எடுக்கிறோம். மாட்ட வருகிறவரிடம் முதலில் பேச வேண்டியது வேகத்தைப் பற்றி அல்ல, கரண்டைப் பற்றி.

பழைய செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்தது. கரண்ட் போனாலும் மணி அடித்தது. ஒளியிழையில் வருவது வெளிச்சம் மட்டுமே. சுவரில் மாட்டும் பெட்டிக்கு நம் கரண்ட்தான் வேண்டும். அது போனால் போனும் போயிற்று. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபின் நம் மாவட்டத்தில் எத்தனை ஊர்கள் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன! ஆகவே பெட்டியை இன்வெர்ட்டர் லைனில் உள்ள பிளக்கிற்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லுவோம்.

வயரை மூட்டைகளுக்குப் பின்னால் விடவேண்டாம். எலி கடித்தால் செம்புக் கம்பி போல நாமே முறுக்கிச் சேர்த்துக்கொள்ள முடியாது. ஒட்டுகிற மெஷினோடு ஆள் வரவேண்டும். (எங்கள் கிடங்கில் பட்ட அனுபவம் இது.) மூலையில் இறுக்கி மடக்கினாலும் வெளிச்சம் கசிந்து இணைப்பு தடுமாறும்.

கடை இணைப்பானால் விண்ணப்பத்திலேயே ஜி.எஸ்.டி. எண்ணை எழுதிக் கொடுப்போம். பில்லில் வரும் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷனில் உள்ளவர்களுக்கு அது கிடையாது.

பழைய நம்பரே தொடருமா என்பதையும் கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்வோம். பில் புத்தகத்தில் அச்சடித்திருப்பது அந்த நம்பர்தானே.