இறக்கம் தரும் வலி

பழனி மலைத்தொடரில் கால்நடைப் பயணம் நெடிய வரலாறு உடையது. தைப்பூசத்தையொட்டிச் செட்டிநாட்டு நகரத்தார் காவடி சுமந்து, பல நாள் நடந்து பழனியை அடைவர். நடந்து களைத்த கால்களோடு 693 படிகளை ஏறிச் சென்று முருகனை வழிபடுவர். அம்மலைத்தொடரின் உயரத்தில் அமைந்துள்ள கொடைக்கானலுக்கும் முற்காலத்தில் நடைவழியே இருந்தது. 1845ஆம் ஆண்டு அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் அங்கே வீடுகள் அமைத்தபோது மலைச்சாலை இல்லை. பெரியகுளத்தை ஒட்டிய அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தை அவர்கள் குதிரையிலும், பிறர் சுமந்த நாற்காலிகளிலும் கடந்தனர். பொருள்களைச் சுமந்தவர்கள் நடந்தே ஏறி, நடந்தே இறங்கினர். அச்சுமைகூலிகளின் பெயராலேயே அவ்வழி ‘கூலி காட்’ எனப்பட்டது. அவ்வழியில் உள்ள வெள்ளகவி என்னும் சிற்றூரின் மக்கள் நெடுங்காலம் அரிசி, பருப்பு முதலியவற்றையும் கால்நடையாகவே கொண்டு வந்தனர்.

இவ்வாறு மலையில் நடப்போர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. ஏறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். இறங்கும்போது அத்தகைய இளைப்பு இராது. ஆயினும், மறுநாள் காலையில் தொடைகளை அசைக்க இயலாமற்செய்யும் வலி, பெரும்பாலும் இறக்கத்தினால் வருவதே ஆகும். எளிதாகத் தோன்றிய வேலை ஏன் மிகுந்த வலியைத் தருகிறது?

தசையின் இருவகை வேலை

படி ஏறும்போது தொடையின் முன்புறத் தசைகள் சுருங்கி உடலை மேலே உயர்த்துகின்றன. இறங்கும்போது அதே தசைகள் உடல் கீழே சரிந்துவிடாமல் தடுக்கின்றன. அப்போது உடல் எடை தசையை நீட்ட முயல, தசை அதனை எதிர்த்து இழுக்கிறது. சரிவில் இறங்கும் மாட்டுவண்டியை மாடுகள் பின்னுக்குத் தாங்கிப் பிடிப்பதை இதற்கு ஒப்பிடலாம். இவ்வாறு நீண்டுகொண்டே தாங்கும் வேலைக்கு ஆற்றல் குறைவாகவே செலவாகிறது. ஆனால், ஒவ்வொரு தசையிழையின்மீதும் விழும் இழுவிசை மிகுதியாகிறது. அதனால் இழைகளில் மிக நுண்ணிய சிதைவுகள் தோன்றுகின்றன. அவற்றைச் சீர்செய்ய உடல் மேற்கொள்ளும் பணியின்போது, அப்பகுதியில் சிறு வீக்கமும் கூச்சமும் உண்டாகின்றன. வலி உடனே தோன்றாமல் ஒருநாள் கழித்துத் தொடங்கி, இரண்டு அல்லது மூன்றாம் நாளில் மிகுந்து, பின்னர்ப் படிப்படியாகத் தணிவதற்குக் காரணம் இதுவே.

பழைய கருத்தும் புதிய சான்றும்

தசையில் லாக்டிக் அமிலம் தேங்குவதனால் இவ்வலி உண்டாகிறது என்பது இன்றும் பலரிடம் உள்ள கருத்து. ஆனால், அமெரிக்க உடலியல் அறிஞர் தியோடர் ஹஃப், தசையினுள் ஏற்படும் சிதைவே இத்தகைய வலிக்குக் காரணமாகலாம் என்பதை 1902ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். 1983இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதனைத் தெளிவாக்கியது. அதில் சமதளத்தில் ஓடியோரின் குருதியில் லாக்டிக் அமிலம் உயர்ந்தது. மறுநாட்களில் குறிப்பிடத்தக்க வலி இல்லை. சரிவில் இறங்கி ஓடியோருக்கு அவ்வமிலம் உயரவில்லை, வலியோ மிகுந்தது. உழைப்பு நின்ற ஏறத்தாழ ஒருமணி நேரத்திலேயே அவ்வமிலம் குருதியிலிருந்து நீங்கிவிடுவதும் அறியப்பட்டுள்ளது. எனவே, மறுநாள் வலிக்கு அதனைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது.

தணிக்கும் வழிகள்

இவ்வலியை உடனே போக்கும் மருந்து எதுவும் இல்லை. சமதளத்தில் மெதுவாகச் சிறிது நடத்தல், இதமாக நீவிவிடுதல், நல்ல உறக்கம் ஆகியவை வலியைத் தாங்க உதவும். குளிர்ந்த நீரில் கால்களைச் சில நிமிடங்கள் வைத்திருப்பதும் ஓரளவு ஆறுதல் தரும். வெள்ளகவி வழியாக இறங்கி வருவோருக்குக் கும்பக்கரை அருவியின் நீர் இதமளிப்பது இதனாலேயே. வலிநிவாரணி மாத்திரைகளைத் தாமாகவே உட்கொண்டு நடையைத் தொடர்வது தவறாகும். வெயிலில் நீர்ச்சத்துக் குறைந்த நிலையில் அவற்றுள் சில, சிறுநீரகங்களைப் பாதிக்கக்கூடும்.

வருமுன் காப்பதே சிறந்தது. பயணத்திற்குச் சில வாரங்களுக்கு முன்னரே சிறிது சிறிதாகப் படி இறங்கிப் பழகினால் தசை அவ்வேலைக்குத் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது. ஒருமுறை பழகியதன் பயன் சில வாரங்கள் வரை நிலைக்கும். மலையில் வாழ்வோர் நாள்தோறும் ஏறி இறங்கியும் வருந்தாமைக்கு இப்பழக்கமே அடிப்படை.

வலிகளை வேறுபடுத்தி அறிதல்

உளைச்சல், கடுப்பு, குடைச்சல், பிடிப்பு, சுளுக்கு என வலியின் வேறுபாடுகளைக் குறிக்கத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள்ளன. அவ்வேறுபாட்டை அறிவது உடல்நலத்திற்கும் இன்றியமையாதது. இரு தொடைகளிலும் பரவலாக உண்டாகி, நாளடைவில் குறையும் உளைச்சல் அஞ்சத்தக்கதன்று. நடக்கும்போதே ஓரிடத்தில் திடீரெனக் குத்தும் வலி, மூட்டில் வீக்கம், காலை ஊன்ற இயலாமை ஆகியவை காயத்தின் அறிகுறிகள்; அந்நிலையில் நடையை நிறுத்துதல் வேண்டும். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ, சிறுநீர் கரும்பழுப்பு நிறமாகக் கழிந்தாலோ காலம் தாழ்த்தாமல் மருத்துவரை நாட வேண்டும்.

நேர்ந்துகொண்ட பயணத்தை இடையில் நிறுத்துவதைக் குறையாகக் கருதி, காயத்தோடு நடப்போர் உளர். வலியைப் பொறுத்துக்கொள்வது மன உறுதி. எந்த வலியைப் பொறுக்கலாகாது என்று அறிவது அறிவுடைமை. மலைவழியில் நடப்போருக்கு இவ்விரண்டும் வேண்டும்.