அம்மாவின் நடமாட்டத்தைச் சொல்லும் கருவி: பழுது எங்கே என்று அறிவது எப்படி?

திராமனிலும் ஒஸ்லோவைச் சுற்றியுள்ள ஊர்களிலும் எம்மவர் பலர் வயதான அம்மாவையோ அப்பாவையோ வீட்டின் கீழ்த்தளத்தில் வைத்துப் பார்க்கிறோம். இரவில் அவர்கள் எழும்பிக் குளியலறைப் பக்கம் போனால் மேலே ஒரு மணி ஒலித்தால் நல்லது. கமெரா வைப்பதை அவர்களும் விரும்பமாட்டார்கள், நமக்கும் மனம் வராது. அதனால் ஓர் அசைவு உணரி, 433 மெகாஹேட்ஸில் இயங்கும் அனுப்பியும் வாங்கியும், ஆர்டுயினோ பலகை இரண்டு என வாங்கி, பாடசாலை செல்லும் பிள்ளைகளின் உதவியோடு நாமே பொருத்திவிடுகிறோம்.

தொல்லை பிறகுதான் தொடங்குகிறது. ஆளில்லாமல் மணி அடிக்கும், அல்லது ஆள் நடந்தும் அடிக்காது. உடனே எல்லாவற்றையும் கழற்றி மாற்றத் தேவையில்லை. இந்தக் கருவிக்கு ஒரு கண், ஒரு வாய், ஒரு காது. ஒவ்வொன்றையும் தனியே சோதித்தால் பழுது தானாகப் பிடிபடும்.

முதலில் கண். அனுப்பியைக் கழற்றிவிட்டு உணரிக்கு மட்டும் மின் கொடுங்கள். பரவலாகக் கிடைக்கும் எச்.சி-எஸ்.ஆர் 501 உணரி நிலைகொள்ள ஏறத்தாழ ஒரு நிமிடம் எடுக்கும். அதுவரை அது சொல்வதை நம்பக்கூடாது. பிறகு கையை அசைத்தால் அதன் வெளியீட்டில் மல்ரிமீற்றர் 3.3 வோல்ற் காட்ட வேண்டும், அசைவு நின்று சற்று நேரத்தில் பூச்சியத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் பலகையிலுள்ள இரண்டு திருகுகளைப் பாருங்கள். ஒன்று எட்டும் தூரத்தை 3 முதல் 7 மீற்றர் வரை மாற்றும். மற்றது சமிக்ஞை நீடிக்கும் நேரத்தைச் சில செக்கன்களிலிருந்து 5 நிமிடம் வரை நீட்டும். 'சிக்கிக்கொண்டது' என்று நாம் நினைப்பது பலவேளை இந்த இரண்டாவது திருகுதான்.

உணரி பார்ப்பது உருவத்தை அல்ல, உடல் வெப்பம் இடம் மாறுவதை. ஆகவே அதை நோக்கி நேரே வருபவரைவிட, குறுக்கே நடப்பவரை எளிதில் கண்டுகொள்ளும். சுவர்ச் சூடாக்கி, வெப்பப் பம்பியின் காற்று, தரையில் விழும் வெயில் ஆகியவற்றுக்கு எதிரே வைத்தால் ஆளில்லாமலே மணி அடிக்கும். யன்னல் கண்ணாடியை ஊடுருவி ஆளின் வெப்பத்தை அது காணாது. தடித்த குளிர் அங்கியும் உடல் வெப்பத்தை மறைக்கும்.

அடுத்து வாயும் காதும். இரண்டு பக்கமும் 17.3 சதமமீற்றர் நீளமான நேரான வயர் அன்ரெனாவாக இருக்க வேண்டும். அது 433 மெகாஹேட்ஸ் அலைநீளத்தின் கால்பங்கு. மரவீட்டில் இது தாராளமாகப் போதும். ஃபியெல் பகுதியில் உள்ளவை போன்ற கொங்கிரீற் அடுக்குமாடிகளில் சுவருக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் அலையை விழுங்கும். வாங்கியை இடம் மாற்றிப் பாருங்கள். மலிவான வாங்கி, சமிக்ஞை இல்லாத நேரத்திலும் இரைச்சலை வெளியிடும். அயல்வீட்டு வெப்பமானியும் இதே அலைவரிசையில் பேசக்கூடும். எனவே நமது செய்திக்கு ஓர் இரகசிய எண் சேர்த்து, அந்த எண் வந்தால் மட்டும் மணி அடிக்கச் செய்யுங்கள். வலுவான அனுப்பி வாங்குவது தீர்வல்ல. இந்த அலைவரிசையில் உரிமம் இன்றிப் பயன்படுத்த 10 மில்லிவாற் வரைதான் அனுமதி.

கண்ணும் வாயும் தனித்தனியே சரி, சேர்த்தால் பிழை என்றால்? வெறும் அறையில் ஒரே இடைவெளியில் மணி திரும்பத் திரும்ப அடிப்பதே இதன் அடையாளம். அனுப்பி பேசும்போது எழும் அலையை உணரி அசைவென எண்ணுகிறது. அதனால் அனுப்பி மீண்டும் பேசுகிறது. உணரியை அரை மீற்றர் வயரில் தள்ளி வையுங்கள். அதன் மின் இணைப்புக்குக் குறுக்கே 100 மைக்ரோஃபரட் கொள்ளளவி ஒன்றைப் போடுங்கள். அனுப்பிய பின் ஐந்து செக்கன்களுக்கு உணரியைப் பொருட்படுத்தாதிருக்க நிரலில் எழுதுங்கள்.

பற்றரியையும் மறக்க வேண்டாம். மூன்று ஏ.ஏ பற்றரிகள் புதிதில் 4.5 வோல்ற் தரும். இந்த உணரிக்கு அது விளிம்பு. நான்கு போடுங்கள். அளப்பதையும் அனுப்பி பேசும் வேளையில் அளவுங்கள். குளிரான வெளிவாசலில் அல்கலைன் பற்றரி சீக்கிரம் சோர்ந்துவிடும், லித்தியம் ஏ.ஏ தாங்கும்.

எல்லாம் சரியான பிறகும் ஒன்று மிச்சம். மணி அடிக்காத இரவுக்கு இரண்டு பொருள் உண்டு: அம்மா நிம்மதியாக உறங்குகிறார், அல்லது கருவி செத்துவிட்டது. இரண்டும் நமக்கு ஒரே அமைதியாகத்தான் கேட்கும். எனவே மணிக்கு ஒருமுறை 'உயிரோடு இருக்கிறேன்' என்று கருவி ஒரு செய்தி அனுப்பட்டும். இரண்டு மணி நேரம் அது வராவிட்டால் மேலே சிவப்பு விளக்கு எரியட்டும்.

அம்மா விழுந்து கிடந்தால் இந்தக் கருவிக்குத் தெரியாது. அதற்கு நகரசபை வழங்கும் பாதுகாப்பு அலாரத்துக்கு விண்ணப்பியுங்கள். அவசரத்துக்கு 113. நாம் செய்யும் கருவி இவற்றுக்குத் துணை மட்டுமே.