ஈர மண்ணில் தாகம்

இலங்கையின் தேயிலை மலைநாட்டு ஊரான நாவலப்பிட்டியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் மண் காய்வதே அபூர்வம். அடைமழை சாய்த்துவிடும் என்று கோவா, தக்காளி நாற்றுகளைக் கூரைத் தாழ்வாரத்தில் தட்டுகளில் வைத்து வளர்க்கிறார்கள். அந்தத் தட்டில் ஒரு பிடி உரம் தூவினால், மண் ஈரமாக இருக்கும்போதே நாற்று வாடுகிறது.

உப்புப் பிசறிய தேசிக்காயிலிருந்து நீர் தானாக வெளியே வருவதும் இந்த வாட்டமும் ஒரே செயல்தான். பாடசாலையில் பிரசாரணம் என்று படித்தோமே, அது. வேரின் கலங்களில் உள்ள சாறு மண்நீரைவிடச் செறிவாக இருப்பதால்தான் நீர் உள்ளே போகிறது. உரம் கரைந்து மண்நீர் செறிவானால், வேரிலிருந்து நீர் வெளியேறத் தொடங்கும். வளர்ந்த செடியின் ஒருபக்க வேர் கருகினாலும் மறுபக்கம் உறிஞ்சும். நாற்றுக்கோ விரல் நீள வேர், ஒரு கைப்பிடி மண்; கரைந்த உரத்தின் உப்பு விலகிப்போக இடமில்லை.

யூரியா இன்னொரு வழியிலும் சுடும். மண்ணிலுள்ள யூரியேஸ் என்னும் நொதியம் அதை உடைத்து அமோனியாவாக்குகிறது. தேயிலை நிலத்து மண் அமில மண், அமோனியாவை அடக்கிவிடாதா என்று கேட்கலாம். ஓரளவு அடக்கும். ஆனால் ஒவ்வொரு குருணையைச் சுற்றியும் ஒரு சிறு வட்டத்தில் மண் காரமாகிவிடுகிறது. வேர் நுனி அதற்குள் அகப்பட்டால் தப்பாது.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீங்கும் வரை, பேச்செல்லாம் சாணமும் கோழி எருவும்தான். இயற்கை எரு சுடாது என்று நம்பிவிடக் கூடாது. பச்சைக் கோழி எருவிலுள்ள யூரிக் அமிலம் யூரியாவாகி, கடைசியில் அதே அமோனியாவாகிறது. நன்றாக உக்கிய பிறகே அது நாற்றுக்கு ஆகும்.

உண்மையில், முளைத்த புதிதில் நாற்று நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. தாய்ச்செடி விதைக்குள் கட்டிக்கொடுத்த சாப்பாடு அதற்குப் போதும். போஞ்சி முளையைக் கவனியுங்கள்: தடித்த இரண்டு வித்திலைகளும் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வரும். செடி அவற்றைத் தின்று வளர்கிறது! எனக்கு அலுக்காத அதிசயம் இது.

மெய்யான இலைகள் இரண்டு விரிந்த பிறகு உரத்தை மெல்லத் தொடங்கலாம். 10 லீட்டர் தண்ணீருக்கு 2 கிராம் யூரியா, ஏறத்தாழ அரைத் தேக்கரண்டி. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன்; ஆகவே லீட்டருக்குச் சுமார் 90 மில்லிகிராம் கிடைக்கும். நாற்றுக்கு அது தாராளம். அல்பேட் கரைசல் என்னும் ஊட்டச்சத்துக் கலவை வைத்திருப்பவர்கள் பொதியில் எழுதிய அளவில் காற்பங்கிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. கூட்டிக் கொடுப்பதால் மிச்சமும் ஆகாது: யூரியா கடைசியில் மாறும் நைத்திரேற்று மண்ணில் அதிகம் ஒட்டாது, வடியும் நீரோடு மகாவலி ஆற்றுக்குப் போய்விடும்.

அப்படி வடிந்துபோவதே ஆபத்தில் உதவியும் செய்கிறது. இலையோரம் பழுப்பேறினால், வெறும் தண்ணீரைத் தட்டின் அடியால் ஒழுகும் வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடலாம். பிறகு மேல்மண் சற்று உலரும் வரை நீர் ஊற்றாதிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்புக்குத் தப்பிய நாற்றை அழுகல் பூஞ்சை பிடித்துக்கொள்ளும்.