தோலில் ஒட்டும் சென்சார்

என் தங்கையின் குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்து இன்குபேட்டரில் இருந்தது. நெஞ்சிலும் காலிலும் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய ஒயர்கள். குழந்தையை எடுத்து மடியில் வைக்கவே தங்கை பயந்தாள். ஒயர் இல்லாமல் முடியாதா என்று தேடிப் படித்ததில் நான் தெரிந்து கொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

உங்கள் கம்ப்யூட்டரின் பிராசஸர் சிலிக்கானால் ஆனது. அதை வளைத்தால் கண்ணாடி போல உடையும். தோலோ, முழங்கையை மடக்கினால் விரியும், நீட்டினால் சுருங்கும். இரண்டையும் எப்படி ஒட்ட வைப்பது?

வழிகள் இரண்டு. முதலாவது, மெலிதாக்குவது. கண்ணாடித் தகடு உடையும். ஆனால் இன்டர்நெட் கேபிளில் உள்ள கண்ணாடி இழை வளையும். சிலிக்கானும் அப்படித்தான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிதாக்கினால் வளைந்து கொடுக்கும். இரண்டாவது, நெளிவு. பழைய டெலிபோன் ரிசீவரின் சுருள் ஒயரை இழுத்துப் பாருங்கள். ஒயர் நீள்வதில்லை, சுருள்தான் விரிகிறது. அதுபோல சென்சாரின் கம்பிகளைப் பாம்பு போல நெளித்து, ரப்பர் போன்ற மெல்லிய ஏட்டில் பதிக்கிறார்கள்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் குழு 2011இல் இப்படி ஒரு சென்சாரைச் செய்தது. சிறுவர்கள் ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கர் டாட்டூ போலவே இதையும் ஒட்டலாம். தொண்டையில் ஒட்டி, பேசும்போது ஏற்படும் தசைச் சிக்னலைப் பிடித்து, ஒரு கம்ப்யூட்டர் கேமையே விளையாடிக் காட்டினார்கள்!

வியர்த்தால் என்ன செய்வது? 2017இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் டகாவோ சோமேயா குழு அதற்கு வழி கண்டது. நுண்ணிய நூல் வலை மீது தங்கம் பூசி, தோலில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். நூல் கரைந்துவிடும், தங்க வலை தோலில் ஒட்டிக்கொள்ளும். வலைக்கண் வழியே காற்றும் வியர்வையும் தாராளமாகப் போகும்.

நான் தேடியது 2019இல் வந்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்ட ரோஜர்ஸ், சிகாகோவில் குறைமாதக் குழந்தைகளுக்கு நெஞ்சில் ஒன்று, பாதத்தில் ஒன்று என இரண்டே சென்சார்களை ஒட்டிச் சோதித்தார். ஒயரும் இல்லை, பாட்டரியும் இல்லை. மெத்தைக்கு அடியில் உள்ள ஆன்டெனாவே மின்சாரம் தந்து, இதயத்துடிப்பு, மூச்சு, ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு ஆகிய விவரங்களையும் வாங்கிக்கொள்கிறது. மொபைலைத் தட்டிப் பணம் கட்டுகிறோமே, அதே என்.எஃப்.சி. முறைதான். பலமாக ஒட்டும் பசை தேவையில்லை என்பதால் குழந்தையின் தோல் உரியாது. தாய் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம்.

என் மருமகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். பிளாஸ்திரி உரித்த தழும்பு அவள் நெஞ்சில் இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், இந்த சென்சார் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் சீக்கிரம் வர வேண்டும் என்றே தோன்றுகிறது.